காஷ்மீர் கிளம்பும் முன் பச்சைமலை ஏறுங்கள்

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் போக வேண்டும் என்ற ஆசை இன்று தமிழ்நாட்டில் அபூர்வமானது இல்லை. பெரும்பாலும் அது இருவருக்குச் சேர்ந்தே வருகிறது. கணவன் மனைவி, கல்லூரிக் கால நண்பர்கள், அக்கா தம்பி, ஒரே ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் என்று ஜோடி எதுவாகவும் இருக்கலாம். அடுத்து நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். செல்போனில் மேப்பைத் திறந்து ஸ்ரீநகரில் ஒரு புள்ளியும் குமரியில் ஒரு புள்ளியும் வைக்கிறார்கள். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 3,700 கி.மீ. என்று வருகிறது. நாளைக்கு 100 என்றால் 37 நாள்; ஓய்வுக்கு ஆறு நாள் சேர்த்தால் 43. உடனே லீவுக் கணக்கு, சைக்கிள் கடை, பை, ஹெல்மெட் என்று பேச்சு நகர்ந்துவிடுகிறது. கூட்டல் வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்குக்குள் இருப்பவர் ஒரே ஒரு சராசரி மனிதர். போகப்போவது இரண்டு பேர், இரண்டு பேருக்கும் இரண்டு கால், இரண்டு மூச்சு, இரண்டு பொறுமை. திருச்சி வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு என் யோசனை இது: அந்த 3,700-ஐ எதனாலும் வகுப்பதற்கு முன், பயணத்துக்குக் கொண்டுபோகும் முழுச் சுமையோடு பச்சைமலையில் ஒருமுறை சேர்ந்து ஏறி இறங்குங்கள். எத்தனை நாள், யார் எதைச் சுமப்பது, என்ன கியர், எப்போது நிற்பது என்ற எல்லாமே, அந்த ஏற்றத்தில் இருவருக்கும் நடுவில் விழும் இடைவெளியிலிருந்துதான் தீர்மானமாக வேண்டும்.

இருவராக இந்தியாவைச் சைக்கிளில் கடந்தவர்களில் விரிவாக எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள் ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹன்டர் வொர்க்மன் என்ற அமெரிக்கத் தம்பதி. 1897 நவம்பரில் அவர்கள் நம் பக்கம் சைக்கிளை உருட்ட ஆரம்பித்தபோது ஃபேனிக்கு வயது 38. உடல்நிலை காரணமாக வைத்தியத் தொழிலை விட்டுவிட்ட டாக்டரான வில்லியமுக்கு 50. இரண்டரை ஆண்டுப் பயணம். தென்முனையிலிருந்து இமயமலை வரைக்கும் மட்டுமே ஏறக்குறைய 4,000 மைல். 1904-இல் வந்த அவர்களுடைய புத்தகத்தின் தலைப்பிலேயே 14,000 மைல் என்று போட்டுக்கொண்டார்கள். சுமையோ ரொம்பக் குறைவு. டீத்தூள், சர்க்கரை, பிஸ்கட், சீஸ், டின்னில் அடைத்த இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கு ஒரு கம்பளி, எழுதுபொருள், மருந்துப் பெட்டி, ரிப்பேர் சாமான். சாப்பாடும் தங்குமிடமும் கிடைக்க வேண்டும் என்பதற்காக ரயில் பாதையை ஒட்டிய சாலைகளாகப் பார்த்துப் போனார்கள். வேறு இடம் கிடைக்காத ராத்திரிகளில் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் படுத்தார்கள். எலிகளோடு தூங்கியதும் உண்டு, ஒரே நாளில் 40 பஞ்சர் வரை ஒட்டியதும் உண்டு. நாற்பதாவது பஞ்சரை ஒட்டும்போது அந்தத் தம்பதி என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதை யூகிக்கத் திருமணமானவர்களுக்குச் சிரமம் இருக்காது.

அவர்களைத் தைரியசாலிகள் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் செய்த ஒன்றுதான் நமக்கு உதவும் விஷயம். 1895-இல் ஸ்பெயின் முழுக்கச் சைக்கிளில் சுற்றினார்கள். ஆளுக்கு 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ சுமை. சராசரி நாளைக்கு 45 மைல், சில நாள் 80 மைல் வரை. இந்தியாவுக்கு வந்து இறங்கும்போதே தங்கள் ஜோடியின் அளவு அவர்களுக்குத் தெரியும். 80 என்பது ஒருநாள் கூத்து, நம்பக்கூடிய எண் 45 என்பதும் தெரியும். நம்முடைய திட்டங்களில் பெரும்பாலும் எழுதப்படுவது அந்த 80-தான். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுமையில்லாமல், பைபாஸ் ரோட்டில், உற்சாகத்தில் ஓட்டிய தூரம் ஐம்பது நாளுக்கும் அளவுகோலாகிவிடுகிறது. வொர்க்மன் தம்பதி பிற்பாடு இமயமலை ஏற்றங்களில் இறங்கியபோது இன்னொரு ஏற்பாடு வைத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் பயண நிர்வாகம் முழுக்க ஃபேனியுடையது, வில்லியம் படம் எடுப்பது, அளப்பது போன்ற வேலைகளைப் பார்ப்பார். அடுத்த வருடம் பொறுப்பு மாறும். யார் சொல்வது எடுபடும் என்ற கேள்வியை மலையடிவாரத்தில் எழவே விடாமல் வீட்டிலேயே முடித்துவைத்த ஏற்பாடு அது. ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தியா பற்றிய அவர்கள் புத்தகத்தில் பழைய கட்டடங்கள் பெற்ற கவனம் அந்தக் கட்டடங்களைச் சுற்றி வாழ்ந்த மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. மலைப் பயணங்களில் சுமைதூக்கும் ஆட்களோடு ஓயாத பிணக்கும் இருந்தது. தங்களுக்குள் நியாயமாக இருக்கத் தெரிந்த இருவருக்கு மூன்றாம் மனிதரிடம் அந்த நியாயம் வரவில்லை. அந்தப் பாடமும் நம் பயணத் திட்டத்தில் எங்காவது இருக்க வேண்டும்.

எண்ணிக்கை கூடினால் என்ன ஆகும் என்பதற்குப் பம்பாய் உதாரணம் இருக்கிறது. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் ஆறு பேர் உலகத்தைச் சைக்கிளில் சுற்றிவரக் கிளம்பினார்கள். 1928-இல் பயணத்தை முடித்துத் திரும்பியவர்கள் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பம்காரா என மூவர் மட்டும். அவர்கள் கடந்த தூரம் சுமார் 71,000 கி.மீ. என்று சொல்லப்படுகிறது. ஒருவர் சொந்தக் காரணத்துக்காகத் தெஹ்ரானோடு திரும்பினார். இன்னொருவருக்கு அமெரிக்கா பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். பாலைவனத்தையும் பனியையும் தாண்டிப் போன கூட்டத்தைப் பாதியாக்கியது சாலையின் கொடுமை இல்லை. அவரவர் மனத்தில் இருந்த வேறுவேறு பயணங்கள். ஆறு பேரில் மூன்று பேர் விலகினாலும் பயணம் தொடர்கிறது. இருவரில் ஒருவர் விலகினால் அங்கேயே முடிந்தது. ஆகவே ஜோடியாகப் போகிறவர்களுக்குத்தான் முன்கூட்டிய சோதனை அதிகம் தேவைப்படுகிறது.

சோதனைக்கு மலை எதற்கு, திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போய்வந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. சமதளத்தில் 20 கி.மீ. வேகத்துக்கு மேல் போகும்போது சைக்கிள்காரரின் உழைப்பில் பெரும்பங்கைத் தின்பது எதிர்க்காற்று. முன்னால் போகிறவர் அந்தக் காற்றை உடைத்துக்கொடுத்தால் பின்னால் வருபவருக்குப் பளு கணிசமாகக் குறைகிறது. எனவே சமதளத்தில் பலசாலி முன்னால், மற்றவர் பின்னால் என்று போனால் இருவருடைய திறமையிலும் இருக்கும் வித்தியாசம் வெளியே தெரியாது. நாள் முழுக்க ஓட்டிவிட்டு, நாம் இருவரும் ஒரே வேகம்தான் என்று சந்தோஷமாக வீடு திரும்பலாம். மலை ஏற்றத்தில் வேகம் எட்டு, ஒன்பது கி.மீ. என்று இறங்கிவிடும். அங்கே காற்று ஒரு பொருட்டே இல்லை. முன்னால் போகிறவரால் பின்னால் வருபவருக்கு ஆறுதல் வார்த்தையைத் தவிர வேறொன்றும் தர முடியாது. தன் எடையையும் சைக்கிளையும் மூட்டையையும் அவரவரே மேலே தூக்கிச் செல்ல வேண்டும். சமதளம் மறைத்ததையெல்லாம் ஏற்றம் வெளியே கொண்டுவந்து போடுகிறது.

அந்த வகையில் பச்சைமலை திருச்சிக்காரர்களுக்குக் கிடைத்த வரம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரை. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பிக் காவிரியையும் ஸ்ரீரங்கம் தீவையும் கொள்ளிடத்தையும் தாண்டி நம்பர் 1 டோல்கேட் வந்தால், அங்கிருந்து மண்ணச்சநல்லூர், புலிவலம், துறையூர் என்று நேராகப் போகிறது ரோடு. மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை லாரிகளோடு சாலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதுவும் நல்ல பயிற்சிதான், நெடுஞ்சாலையில் ஐம்பது நாளும் லாரிதானே கூட வரப்போகிறது. துறையூர் தாண்டி உப்பிலியபுரம் போகும்போது இடது பக்கம் கொல்லிமலை, வலது பக்கம் பச்சைமலை. சோபனபுரத்தில் திரும்பினால் ஏற்றம் ஆரம்பம். முடிகிற இடம் டாப் செங்காட்டுப்பட்டி. திருச்சியிலிருந்து சுமார் 80 கி.மீ. இந்த அமைப்பைக் கவனியுங்கள். முதலில் அறுபது கி.மீ.க்கு மேல் சமதளம், வெயில் ஏறியபிறகு மலை. களைத்த பிறகு வரும் ஏற்றம்தான் உண்மையைச் சொல்லும். காரில் அடிவாரம் வரை கொண்டுபோய் இறக்கி, புத்துணர்ச்சியோடு ஏறிப் பார்ப்பது சோதனையே ஆகாது. இன்னொரு வசதியும் உண்டு. துறையூரிலிருந்து மலைக்குப் பஸ் போகிறது. ஒருவருக்கு முடியாமல் போனால் நடுக்காட்டில் தவிக்க வேண்டியதில்லை.

இனி அந்த இடைவெளியைக் கணக்கில் பார்ப்போம். ஏற்றம் 400 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 60 கிலோ எடை, சைக்கிள் 15, மூட்டை 10, ஆக 85 கிலோ. களைத்த நேரத்தில் அவர் காலிலிருந்து தொடர்ந்து வரும் சக்தி 100 வாட். மற்றவர் 70 கிலோ எடை, அதே சைக்கிள், அதே மூட்டை, ஆக 95 கிலோ. அவருக்கு 150 வாட். உராய்வை விட்டுவிட்டு, எடையை மேலே தூக்கும் வேலையை மட்டும் எடுத்தால் முதலாமவருக்கு 55 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும், இரண்டாமவருக்கு 41. வித்தியாசம் 14 நிமிடம். ஒரு மலைக்கு 14 நிமிடம் என்பது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் மேலே போனவர் அந்த 14 நிமிடத்தில் தண்ணீர் குடித்து, உடம்பு ஆறி, ஒரு டீயும் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மற்றவர் வந்து சேர்ந்ததும், ‘வந்தாச்சா, கிளம்பலாமா’ என்பார். ஆக, ஓய்வு தேவைப்படாதவருக்கு ஓய்வு கிடைக்கிறது, தேவைப்படுகிறவருக்குக் கிடைப்பதில்லை. நெடும்பயண ஜோடிகளுக்குள் வரும் சண்டையில் பாதி இந்தக் ‘கிளம்பலாமா’வில் தொடங்குவதுதான். சொன்னவருக்கு அதில் தப்பு எதுவும் தெரியாது, கேட்டவருக்கு ராத்திரி வரைக்கும் மறக்காது.

இப்போது முதலாமவரின் மூட்டையிலிருந்து 8 கிலோவை எடுத்து இரண்டாமவரின் கேரியரில் கட்டுங்கள். முதலாமவர் 77 கிலோ, இரண்டாமவர் 103. நேரம் 50 நிமிடமும் 45 நிமிடமுமாக மாறுகிறது. வித்தியாசம் 14-லிருந்து 5 நிமிடத்துக்கு வந்துவிட்டது. புது சைக்கிள் வாங்கவில்லை, மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கவில்லை, பை மாறியது, அவ்வளவுதான். ‘ஆளுக்குப் பாதி’ என்பது சாப்பாட்டு பில்லுக்குச் சரி, மலைக்குச் சரிவராது. பலசாலி அதிகம் சுமப்பது அவர் காட்டும் பெருந்தன்மையும் இல்லை. வேகமாகப் போய்க் காத்திருக்கும் நேரத்தை அவர் வேறு விதமாகச் செலவழிக்கிறார், அவ்வளவே. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். எட்டு கிலோவையும் பின் கேரியரில் ஏற்றினால் ஏற்றத்தில் முன் சக்கரம் இலேசாகி ஹேண்டில்பார் அலையும். கனமான சாமான்களைப் பக்கப் பைகளில், சக்கரத்தின் அச்சுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு கீழே வைக்க வேண்டும். இதை ஸ்ரீநகரில் கண்டுபிடிப்பதைவிடச் சோபனபுரத்தில் கண்டுபிடிப்பது நல்லது.

இறக்கத்தில் கதை தலைகீழாகிறது. சுமை அதிகம் உள்ளவர் கீழே உருளும் வேகமும் அதிகம். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடாகும், கட்டை தேயும், கை மரத்துப்போகும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். நடுவில் நின்று கையை உதறிக்கொள்ள வேண்டும். ஏற்றத்தில் முன்னால் போனவருக்கு இறக்கத்தில் பயம் இருக்கலாம், பின்னால் வந்தவர் இறக்கத்தில் பாய்ந்து போகலாம். இந்தச் சோதனையும் தேவை. ஏனென்றால் வடக்கிலிருந்து 44-ஆம் எண் சாலையில் வருகிறவர்கள் தர்மபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். பிரேக் பிடிக்காத லாரிகளால் விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் அது. அங்கே ‘நீ முன்னாடி போ, நான் மெதுவா வர்றேன்’ என்று ஓட்டிக்கொண்டே முடிவெடுக்க முடியாது. எந்த வளைவில் நிற்பது, யார் முன்னால், எவ்வளவு தூரம் விட்டு என்பதெல்லாம் பழகிய பழக்கமாக இருக்க வேண்டும்.

பச்சைமலை ஒரு சின்ன மலை, காஷ்மீரின் பீர் பஞ்சால் மலைத்தொடரோடு இதை ஒப்பிடலாமா என்று ஒரு மறுப்பு வரும். உயரத்தில் ஒப்பில்லைதான். ஆனால் இங்கே சோதிக்கப்படுவது மலை ஏறும் வல்லமை இல்லை. இருவருக்கு நடுவில் இருக்கும் விகிதம் எவ்வளவு, அது தெரியவந்ததும் அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் சோதனை. அதற்கு 400 மீட்டர் போதும். 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலை பக்கத்திலேயே இருக்கிறதே என்பார்கள். விடுமுறை நாளில் அந்த வளைவுகளில் கார்களும் வேன்களும் வரிசைகட்டும். புதியவர்களின் முதல் சோதனைக்கு அந்த நெரிசல் வேண்டாம். பச்சைமலையில் தேறியவர்கள் அடுத்த மாதம் அங்கே போகட்டும். பச்சைமலைக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அது மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். மரவள்ளிக் காட்டிலும் முந்திரித் தோப்பிலும் அவர்களுக்கு அன்றாடப் பாடு இருக்கிறது. நம் சோதனைக் களமாக இருப்பது அந்த மலைக்கு ஒரு பெருமையும் இல்லை. வழியில் வரும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அவற்றை ஓட்டி வருகிறவருக்கும் நின்று வழிவிட வேண்டியவர்கள் நாம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எதற்கு ஒட்டிக்கொண்டே போக வேண்டும்? அவரவர் வேகத்தில் போய் சாயங்காலம் லாட்ஜில் சந்தித்தால் ஆயிற்று, சண்டையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. நியாயமான யோசனை, பலர் அப்படிப் போகவும் செய்கிறார்கள். முதல் பஞ்சர் வரைக்கும் அது நன்றாகவே நடக்கும். பம்பு முன்னால் போனவரிடம் இருக்கிறது. டியூப் பின்னால் வருபவரிடம் இருக்கிறது. நடுவில் 12 கி.மீ. தனித்தனியாகப் போவதென்றால் எல்லாச் சாமான்களும் இரட்டையாக வேண்டும்: பம்பு, டியூப், டயர் நெம்பி, மருந்து, பணம், சார்ஜர். சேர்ந்து போகிறவர்களுக்குச் சுமை குறைவது இந்தப் பொதுச் சாமான்களால்தான். ஆகவே தனித்தனியாகப் போவதும் கிளம்பும் முன்னே எடுத்து, அதற்குத் தக்கபடி மூட்டை கட்ட வேண்டிய முடிவு. கோபத்தில் நடுவழியில் எடுக்கிற முடிவு இல்லை. இருவர் ஏறி ஒன்றாக மிதிக்கும் டாண்டம் சைக்கிள் இடைவெளிப் பிரச்சினையை அடியோடு தீர்த்துவிடும். ஆனால் அதை ரயிலில் ஏற்றுவதும், ஒரு ஸ்போக்ஸ் உடைந்தால் மத்தியப் பிரதேசத்துச் சிவனியிலோ சாகரிலோ ரிப்பேர் செய்வதும் வேறு கதை.

ரிப்பேர் என்று வந்துவிட்டதால் வால்வைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த விஷயத்தில் ஏமாந்தவர்கள் ஏராளம். நம் கிராமத்துச் சைக்கிள் கடையில் இருக்கும் பம்பு, பழைய கருப்பு சைக்கிளின் வால்வுக்கு ஏற்றது. விலை உயர்ந்த கியர் சைக்கிள்களில் வருகிற மெலிந்த பிரெஸ்டா வால்வில் அது பொருந்தும் என்று நம்ப முடியாது. பைக்கிலும் காரிலும் இருக்கும் தடித்த ஷ்ரேடர் வால்வு என்றால், இந்தியாவில் பஞ்சர் கடை கம்ப்ரசர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் காற்று நிரப்பிக்கொள்ளலாம். இருவரில் ஒருவருடையது பிரெஸ்டா, மற்றவருடையது ஷ்ரேடர், ஒருவர் சக்கரம் 26 அங்குலம், மற்றவர் சக்கரம் 700சி என்றால் மாற்று டியூபுகளைப் பரிமாறிக்கொள்ள முடியாது. நான்கு டியூப் இருந்தும் இல்லாத கதைதான். இருவருக்கும் ஒரே சக்கர அளவு, ஒரே வால்வு. சைக்கிள் வாங்கும்போது கவனிக்க வேண்டியதில் நிறத்துக்கும் கம்பெனிக்கும் முன்னால் இது வர வேண்டும். கியர் விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய அவசியமில்லை. ஏற்றத்தில் பின்தங்குகிறவரின் சைக்கிளில் முன் பல்சக்கரத்தைவிடப் பின் பல்சக்கரம் பெரிதாக இருப்பது நல்லது. காலுக்குச் சுற்று கூடும், முழங்காலுக்குப் பாரம் குறையும்.

திட்டம் போட்டால் சாகசம் போய்விடும் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய சாட்சி டெர்வ்லா மர்ஃபி. 1963-இல் அயர்லாந்திலிருந்து தன்னந்தனியாகச் சைக்கிள் மிதித்து டெல்லி வந்து சேர்ந்த பெண். இன்னொரு சாட்சி ஃப்ராம்ரோஸ் தாவர். 1924-இல் பம்பாயிலிருந்து தனியாகக் கிளம்பி, வியன்னாவில் கிடைத்த ஆஸ்திரியக் கூட்டாளி குஸ்டாவ் ஸ்டாவ்யானிக்கோடு சேர்ந்து ஏழு ஆண்டு உலகம் சுற்றினார். வழியில் சந்தித்த ஆளோடு சகாராவையே தாண்டியிருக்கிறார், பச்சைமலைச் சோதனை எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லையே என்று கேட்கலாம். தாவர் வியன்னா வரும்போது ஆசியாவின் பாலைவனங்களைத் தாண்டி வந்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. தன் அளவு தனக்குத் தெரிந்த பிறகுதான் அவர் துணை சேர்த்தார். நாமோ, நம் அளவும் தெரியாமல் துணையின் அளவும் தெரியாமல் டிக்கெட் போடுகிறோம். தனியே போகிறவருக்குத் திட்டம் குறைவாக இருக்கலாம், தவறினால் அவர் ஒருவரோடு போகிறது. இன்னொருவரின் ஐம்பது நாளையும் முழங்காலையும் சேர்த்துப் பணயம் வைக்கும்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்பது மரியாதை.

இங்கே இன்னொரு எண்ணத்தையும் களைய வேண்டும். ஆணும் பெண்ணுமாகப் போகும் ஜோடியில் பின்தங்குகிறவர் பெண்தான் என்று பேசுகிறவர்கள் முடிவே கட்டிவிடுகிறார்கள். மேலே போட்ட கணக்கில் நான் ஆண், பெண் என்று எழுதவில்லை, வேண்டுமென்றேதான். ஏற்றத்தில் கணக்கு எடைக்கும் சக்திக்கும் உள்ள விகிதம். இலேசான உடம்போடு தவறாமல் ஓட்டிப் பழகிய பெண், வாரத்தில் ஆறு நாள் நாற்காலியில் உட்காரும் 85 கிலோ கணவரைச் சோபனபுரத்துக்கு மேலே எளிதாகப் பின்னால் விட்டுவிடுவார். பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் அதில் இருந்தார்கள். பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தந்த இலவச சைக்கிள்கள் வந்தன. இந்த மண்ணில் பெண் சைக்கிள் ஓட்டுவது செய்தியே இல்லை. பெண்ணுக்கு நெடுஞ்சாலையில் கூடுதலாக வேண்டியிருப்பது கழிப்பறையும், இருட்டுவதற்குள் போய்ச் சேரும் ஒரு நல்ல தங்குமிடமும். ஒரு நாளுக்கு எத்தனை கி.மீ. என்பதைத் தீர்மானிக்கும்போது கால் வலியைவிட இந்த இரண்டும்தான் பல இடங்களில் முக்கியமாகும். ஜோடியில் இருக்கும் ஆண் இதை வழியில் தெரிந்துகொள்வதற்குப் பதிலாக முதலிலேயே மேப்பில் குறித்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாதம், எந்தத் திசை என்பதற்கு வருவோம். ஜனவரியில் குமரியில் கிளம்பினால் ஆரம்பம் சுகமாக இருக்கும், ஆனால் பிப்ரவரி கடைசியில் பனிக்குள் காஷ்மீர் ஏற வேண்டும். பனிக்குப் பயந்து மெதுவாகப் போனால் நாக்பூர் பக்கத்தில் மார்ச் வெயில் பிடித்துக்கொள்ளும். டிசம்பரில் வடக்கிலிருந்து வந்தால் பஞ்சாபிலிருந்து ஆக்ரா வரைக்கும் மூடுபனி. பத்தடி தள்ளி வருவது தெரியாத சாலையில் சைக்கிள்காரருக்கு வேலையே இல்லை. அக்டோபர் முதல் வாரம் ஸ்ரீநகரில் கிளம்புவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நாளைக்கு 80 கி.மீ. என்று நிதானமாகக் கணக்கிட்டு, வாரத்துக்கு ஒருநாள் ஓய்வும் சேர்த்தால் 53 நாள். நவம்பர் கடைசியில் குமரி. கடைசிப் பத்து நாள் வடகிழக்குப் பருவமழையில் நனைய வேண்டிவரும், உண்மைதான். ஆனால் சேலத்து மழையில் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். மூடுபனியில் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாமல் போனால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஜூன், ஜூலையில் குமரி மாவட்டத்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் மேற்குக் காற்றும் நவம்பரில் இருக்காது. அக்டோபரில் கிளம்ப வேண்டுமென்றால் பச்சைமலைச் சோதனை ஜூலையில் நடந்தாக வேண்டும். கியர் மாற்ற, பை மாற்ற, முழங்கால் வலித்தால் டாக்டரைப் பார்க்க, வேண்டுமானால் மனத்தையே மாற்றிக்கொள்ள அப்போதுதான் இரண்டு மாதம் கையில் இருக்கும்.

அந்த 53 நாள் லீவு யாருக்குக் கிடைக்கும் என்பது கடைசிக் கேள்வி. பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காது. அதனால்தான் நாளைக்கு 120 கி.மீ. என்று கணக்கை இறுக்கி, பயணத்தை ஒரு தண்டனையாக்கிக்கொள்கிறார்கள். துண்டு துண்டாகப் போவதில் என்ன குறை? ஸ்ரீநகரிலிருந்து டெல்லி ஒரு வருடம், டெல்லியிலிருந்து நாக்பூர் அடுத்த வருடம், பிறகு பெங்களூர், பிறகு குமரி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு வார லீவுக்குள் அடங்கும். நாடு அதே நாடுதான், சாலையும் எங்கேயும் போய்விடாது. துண்டுகளை எங்கிருந்து தொடங்குவது என்பதற்குப் பச்சைமலை தந்த எண் பதில் சொல்லும். சுமையைப் பிரித்த பிறகும் இருவருக்கும் இடையே பத்து நிமிடத்துக்கு மேல் விழுந்தால், காஷ்மீர்த் துண்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுப் பெங்களூரிலிருந்து குமரி வரையிலான துண்டை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரியிலிருந்து மொழிப் பிரச்சினை இல்லை, முப்பது கி.மீ.க்கு ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு, முடியாவிட்டால் பஸ் மேலே சைக்கிளைப் போட்டுக்கொண்டு வீடு வந்துவிடலாம். ஐந்து நிமிடத்துக்குள் அடங்கியவர்கள் சேலம் போய், கன்னியாகுமரியிலிருந்து வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் வடக்கே ஏறலாம். சைக்கிள்களை லக்கேஜாகவோ பார்சலாகவோ முன்கூட்டியே புக் செய்ய வேண்டும். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, செயின் பக்கத்தை அட்டை வைத்துக் கட்டி, இரண்டு சைக்கிளிலும் பெயரையும் போன் நம்பரையும் எழுதி ஒட்டிக் கொடுப்பது நல்லது.